கூறு கறியும் குளிர்பெட்டியும்

உத்தியோகத்தை முன்னிட்டுத் தமிழகத்திற்கு வெளியே குடியேறிய குடும்பங்கள் மாதச் செலவுக் கணக்கை எழுத உட்காரும்போது, வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வரும் ரயில் கட்டணம் ஆகிய மூன்றையும் குறைக்க வழியில்லை என்பது விரைவில் விளங்கிவிடும். எஞ்சி நிற்பது சாப்பாட்டுச் செலவு. அதிலும் முதலில் கை வைக்கப்படுவது இறைச்சியின்மீதுதான். மாதத்தின் முதல் ஞாயிறு ஆட்டிறைச்சி, இரண்டாம் ஞாயிறு கோழி, அதன் பின்னர் சம்பள நாள் வரையில் முட்டை என்ற ஏற்பாடு பல வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாட்டைப் பெற்றோர் மனநிறைவோடு செய்வதில்லை. ஒவ்வொரு வாரமும் அரைக் கிலோவாகச் சில்லறை விலையில் வாங்குவதற்குப் பதிலாக, ஒரே தடவையில் சேர்த்து வாங்கிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துக்கொண்டால் செலவு குறையுமா என்பது நேயர்கள் பலரும் எழுப்பக்கூடிய கேள்வி. குறையும். ஆனால் வாங்குவதில் ஒரு கணக்கும், வைப்பதில் ஒரு முறையும் உண்டு. இவ்விரண்டில் எது தவறினாலும் மிச்சமான பணம் குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேரும்.

சேர்த்து வாங்குவது நமக்குப் புதியதன்று. தீபாவளிக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ நான்கைந்து வீட்டார் ஒன்றுகூடி ஓர் ஆட்டை வாங்கி, வெட்டி, இலைமேல் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது தென்பாண்டிச் சீமையிலும் கொங்கு நாட்டிலும் இன்றும் காணக்கூடிய வழக்கம். ஒவ்வொரு கூறிலும் தொடை, நெஞ்சு, எலும்பு, ஈரல் என எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும்; யாரும் குறை சொல்ல இயலாது. மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் சேர்த்து நூலில் கோத்து வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் ஆக்கினார்கள். நீரை வெளியேற்றினால் கறி கெடாது என்பது அதன் தத்துவம். உறைபெட்டியும் வேறொரு வகையில் அதையே செய்கிறது. நீரை வெளியேற்றாமல், இருந்த இடத்திலேயே கட்டியாக்கிக் கிருமிகளுக்குப் பயன்படாதபடி செய்துவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முழு ஆடு வாங்கப் போகிறவர்கள் உயிர் எடைக்குச் சொல்லும் விலையைக் கேட்டு மயங்கலாகாது. நம் நாட்டு வெள்ளாடு ஒன்றில் தலை, தோல், கால், குடல் நீங்கிய உடற்கறி, உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான். சில சமயம் பாதிக்கும் சற்றுக் குறையும். 20 கிலோ ஆட்டில் 9 முதல் 10 கிலோ வரை கிடைக்கும் என்று கொள்ளலாம். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று கணக்கின் பொருட்டு வைத்துக்கொண்டால் ஆட்டின் விலை 8,000 ரூபாய். உடற்கறி ஒன்பதரைக் கிலோ என்றால் கிலோ 842 ரூபாய் அடக்கமாகிறது. இதற்குமேல் வெட்டுக்கூலி வேறு. கடையில் சில்லறை விலை 800 ரூபாயாக இருக்குமானால், உடற்கறியை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்த வியாபாரம் நட்டமே. தலை, நான்கு கால்கள், ஈரல், குடல், மூளை, இரத்தம் என ஒன்றையும் வீணாக்காமல் சமைக்கத் தெரிந்த வீட்டுக்கே முழு ஆடு ஆதாயம். அந்தக் கைப்பக்குவம் தமிழ் வீடுகளில் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

கோழிக்கும் இதே கணக்குத்தான். 2 கிலோ எடையுள்ள பண்ணைக்கோழியைத் தோல் உரித்துச் சுத்தம் செய்தால் சுமார் 1.3 கிலோ கறி நிற்கும். உயிர் எடை கிலோ 130 ரூபாய் என்றால் கறி கிலோ 200 ரூபாய் ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு கடையில் உயிர் எடைக்கும் மற்றொரு கடையில் சுத்தம் செய்த எடைக்கும் விலை சொன்னால், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்த பிறகே பையை நீட்டவேண்டும். பொதுவாக, எலும்போடு கூடிய முழுக் கோழியை வாங்கிக் கடைக்காரரையே துண்டுபோடச் சொல்வது, எலும்பு நீக்கிய மார்புக்கறியைத் தனியே வாங்குவதைவிடச் சிக்கனமானது. கழுத்தும் முதுகெலும்பும் ரசத்துக்காகும்.

தில்லியில் ஆட்டுக்கறி வாங்கச் செல்லும் தமிழருக்கு விலையைக் காட்டிலும் சொற்களே தொல்லை தருவன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. தொடைக்கறியை இங்கே 'ரான்' என்பார்கள்; முன்னங்கால் சப்பை 'தஸ்தி'; நெஞ்சுக்கறி 'சீனா'; கழுத்து 'கர்தன்'; மூளையெலும்பு 'நல்லி'; கால் 'பாயா'; ஈரல் 'கலேஜி'; கொத்துக்கறி 'கீமா'; கொழுப்பு 'சர்பி'. 'போட்டி' என்ற சொல் மட்டும் இரண்டு மொழியிலும் இருந்துகொண்டு நம்மை ஏமாற்றும். நாம் குடலைப் போட்டி என்போம். இந்தியில் அது வெறும் கறித்துண்டைக் குறிக்கும். குடலும் இரைப்பையும் வேண்டுமென்றால் 'ஓஜ்ரி' என்று கேட்கவேண்டும். இன்னொன்று: நம் சுவரொட்டிக்கு அவர்கள் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதினால் 'தில்லி' என்றே வரும், தலைநகரின் பெயரோடு எழுத்தில் வேற்றுமை தெரியாது. இரத்தசோகை உள்ளவர்களுக்கென்று ஊரில் தேடித்தேடி வாங்கும் அந்த உறுப்பு, இங்கே பல கடைகளில் கேட்பாரற்றுக் கிடக்கும். கொல்கத்தாவுக்கு மாற்றலாகிறவர்கள் அங்கே 'காஷி' என்பது விதையடித்த கிடாயையும், 'கொச்சி பாட்டா' என்பது இளங்கிடாயையும் குறிக்கும் என்று அறிந்து வைத்திருப்பது நலம். கொழுப்பு மிகுந்த காஷி விருந்துக்கு ஏற்றது. நெடுநாள் உறையவைக்க ஏற்றதன்று. காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

பெருநகரங்களில் வீட்டு முற்றத்தில் ஆடு அறுப்பது நகராட்சி விதிகளுக்குப் பொருந்தாது. ஆகவே மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் சேர்ந்து, உரிமம் பெற்ற கடைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, முழு உடற்கறியாக வாங்கிக் கூறு போட்டுக்கொள்வதே தக்க வழி. வார நாளில் போனால் கடைக்காரருக்குப் பொறுமை இருக்கும். ஞாயிறு காலையில் இருக்காது. புரட்டாசிக்கு வடநாட்டில் ஈடானவை சாவன் மாதமும், ஆண்டில் இருமுறை வரும் நவராத்திரியும். அந்நாட்களில் பலர் புலால் உண்பதில்லையாதலால் கோழி விலை இறங்குவதுண்டு. மலிவு என்று ஓடுவதற்கு முன்னர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்: வாங்குவோர் குறைந்த கடையில் நேற்றைய சரக்கு இன்றும் தொங்கும். அறுத்த நேரத்தைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து, முகர்ந்து வாங்கவேண்டும். உறைபெட்டி பழைய கறியைப் புதிதாக்காது. உள்ளே போன நிலையிலேயே அதை நிறுத்தி வைக்கும், அவ்வளவே.

இனி, குளிரின் இயல்பைச் சற்று ஆராய்வோம். மெல்லிய கறியில் நான்கில் மூன்று பங்கு நீர். அந்த நீர் மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்களாக வளர்ந்து தசையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடுகிறது. உருகவைக்கும்போது அந்தக் கிழிசல்களின் வழியே சிவந்த சாறு வடிகிறது; கறி சப்பென்றும் நார்நாராகவும் ஆகிறது. விரைவாக உறைந்தால் படிகங்கள் நுண்ணியவையாக இருக்கும், சேதம் குறையும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912ஆம் ஆண்டை அடுத்து கனடாவின் லாப்ரடார் பகுதியில் தங்கியிருந்த காலத்தில், கடுங்குளிர்க் காற்றில் பிடித்தவுடன் உறைந்துபோன மீன் மாதங்கள் கழிந்தும் சுவை மாறாதிருப்பதைக் கண்டார். பிற்காலத்தில் அவர் அமைத்த விரைவு உறைமுறையில் தயாரான உணவுப் பொருள்கள் 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அதற்கும் முன்பே, 1882இல், 'டனிடின்' என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த ஆட்டிறைச்சியைக் கெடாமல் கொண்டு சேர்த்திருந்தது. நம் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடமும் இந்த வரலாற்றைச் சேர்ந்ததே. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து அங்கே இறங்கியது. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

உறையவைப்பதால் கிருமிகள் பெரும்பாலும் மடிவதில்லை. அவை செயலற்றுக் கிடக்கின்றன. சூடு ஏறியதும் விட்ட இடத்திலிருந்து மீண்டும் பெருகத் தொடங்கும். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் அவற்றுக்கு உகந்தது. குளிர்பெட்டியின் கீழ்ப்பகுதி 4 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். அங்கே பச்சைக் கோழி ஒன்று அல்லது இரண்டு நாளுக்குமேல் தாங்காது. ஆட்டுக்கறித் துண்டுகள் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். நெடுநாள் இருப்புக்கு வேண்டியது உறைநிலைக்குக் கீழே 18 பாகை.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தீர்க்கவேண்டும். நம் நாட்டில் விற்கும் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைக் குறிப்பவை. எரிசக்தித் திறன் செயலகம் வழங்குபவை. உறைபகுதி எவ்வளவு குளிரும் என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. குளிரைக் குறிக்கும் நட்சத்திரம் வேறு; அது உறைபகுதியின் மீதோ, உடன் தரும் கையேட்டிலோ இருக்கும். ஒரு நட்சத்திரம் பூச்சியத்துக்குக் கீழே 6 பாகை, இரண்டு நட்சத்திரம் 12 பாகை, மூன்று நட்சத்திரம் 18 பாகை. ஒற்றைக் கதவுப் பெட்டியின் உள்ளே இருக்கும் சிறு பனிக்கட்டி அறை பல மாதிரிகளில் 18 பாகையை எட்டுவதில்லை. அத்தகைய பெட்டி வைத்திருப்போர் ஒரு வாரத் தேவைக்குமேல் சேர்த்து வாங்காமலிருப்பதே நல்லது. தனிக் கதவுடைய உறைபகுதி இருந்தால் மாதச் சரக்கு வைக்கலாம். ஐயமிருந்தால் கடையில் கிடைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி ஓர் இரவு உள்ளே வைத்துப் பார்த்துவிடலாம்.

கறிக்கென்று தனியாகப் பெரிய உறைபெட்டி வாங்குவது பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு ஒரு யூனிட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொண்டால் மாதம் 30 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 180 ரூபாய். பெட்டியின் விலையைப் பத்தாண்டுகளுக்குப் பிரித்து இதனோடு கூட்டிப் பாருங்கள். மாதம் நான்கு கிலோ கறி வாங்கும் குடும்பத்துக்கு மொத்தக் கொள்முதலில் கிடைக்கும் சலுகை இந்தத் தொகையை எட்டுவது அரிது. கூட்டுக் குடும்பத்துக்கும், விடுதி நடத்துவோருக்கும் அது பொருந்தலாம்; நால்வர் கொண்ட அரசுக் குடியிருப்பு வீட்டுக்கு இருக்கிற பெட்டியே போதும் என்பது என் கருத்து.

அறுத்த சில மணி நேரத்துக்குள் ஆட்டுக்கறியை உறையவைக்கலாகாது. உயிர் பிரிந்த பின் தசை விறைத்து, பின்னர் தளர்கிறது. விறைப்பு வந்து போவதற்குள் உறையவைத்துவிட்டால், பிற்பாடு உருகும்போது தசை சுருங்கிக் கறி தோல்போல் ஆகிவிடும். குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் வேகாத கறியின் வரலாறு பல சமயம் இதுவே. புதிதாக அறுத்த கறியானால் மூடிய பாத்திரத்தில் ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து அதன் பின்னரே மேலே ஏற்றவேண்டும்.

கழுவாமல் வைப்பது மேல். ஒட்டிய நீர் பனிக்கட்டியாகிப் பொட்டலத்தை ஒன்றோடொன்று பிணைக்கும். தவிரவும், பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளிகள் கிருமிகளைச் சமையல் மேடையெங்கும் பரப்பும். எலும்புத்தூளைச் சுத்தமான துணியால் அல்லது காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும். உப்புச் சேர்க்கவேண்டாம், உப்பு கொழுப்பைச் சீக்கிரம் காறச் செய்யும். மஞ்சள் தடவுவதில் தீங்கில்லை.

பிறகு, ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரிக்கவேண்டும். இதுவே முழு வேலையின் உயிர்நாடி. இரண்டு கிலோவையும் ஒரே பையில் உருண்டையாகத் திணித்துவிட்டு, அரைக் கிலோ வேண்டியபோது சுத்தியலால் உடைப்பதையும், முடியாமல் போக முழுவதையும் உருக்கி மிச்சத்தைத் திரும்ப வைப்பதையும் காண்கிறோம். அரைக் கிலோ கறியைக் கனமான பிளாஸ்டிக் பையில் இட்டு, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பிவிட்டால், உறைவதும் விரைவு, உருகுவதும் விரைவு. கனம் இருமடங்கானால் உறையும் நேரம் இருமடங்குக்கும் மேலாகும். பையின் வாயைச் சிறிது திறந்தபடி விட்டு ஒரு பாத்திரத் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்று தானே வெளியேறும். அப்போது வாயைக் கட்டலாம். காற்று தங்கினால் கறியின் மேற்பரப்பிலுள்ள பனி நேரே ஆவியாகி, அவ்விடம் வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் உலர்ந்துவிடும். அதனால் நோய் வராது, சுவை போய்விடும். காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பை இதற்கு ஆகாது. பொட்டலத்தின்மேல் உறுப்பின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டவேண்டும். உறைந்த பின் ஈரலும் தொடையும் ஒன்றுபோலவே கல்லாய்க் கிடக்கும்.

ஒரே நாளில் எவ்வளவு ஏற்றலாம்? 60 லிட்டர் உறைபகுதியில் நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோ. அதற்குமேல் திணித்தால் பெட்டி திணறும். புதிய பொட்டலங்கள் மெதுவாக உறையும். ஏற்கெனவே உறைந்தவையும் இளகத் தொடங்கும். ஆகவே ஆறு கிலோ கூறு வந்தால், முதல் நாள் பாதி, மறுநாள் பாதி. அன்றைய குழம்புக்குரியதை அடுப்பில் ஏற்றிவிடலாம். முதல் நாள் பொட்டலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் பரப்பிவைத்து, கல்லான பிறகு புத்தகம்போல் நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம்.

18 பாகைக் குளிர் மாறாதிருக்குமானால் கறி எத்தனை காலமானாலும் நஞ்சாவதில்லை. காலவரம்பு சொல்வது சுவையைக் கருதியே. ஏட்டுக் கணக்கின்படி கோழித்துண்டு 9 மாதம், கொத்துக்கறியும் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளும் 3 முதல் 4 மாதம், ஆட்டுக்கறித் துண்டு 4 மாதத்திலிருந்து ஓராண்டு வரை. நாளுக்குப் பத்து முறை திறந்து மூடும் நம் வீட்டுப் பெட்டிகளுக்கு இதில் பாதியையும் நான் நம்பமாட்டேன். இரண்டு மாதத்துக்குள் தீர்வதை மட்டுமே வாங்கவேண்டும். கொழுப்பு உறைநிலையிலும் காற்றோடு கலந்து மெல்லக் காறிக்கொண்டே இருக்கும். காஷியை நெடுநாள் வைக்கலாகாது என்றதும், மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்கள் இரண்டு மூன்று மாதத்திலேயே நாற்றம் காட்டுவதும் இக்காரணத்தால்தான். தில்லியில் ஐ.என்.ஏ. சந்தையிலும் சித்தரஞ்சன் பூங்காவிலும் விற்கும் கடல்மீன் நெடுந்தூரம் பனிக்கட்டியில் பயணம் செய்து வந்தது. செவுள் சிவந்து, கண் பிதுங்கி, விரலால் அழுத்திய இடம் உடனே நிமிர்ந்தால் வாங்கி உறையவைக்கலாம். அல்லவெனில் அன்றே குழம்பு வைத்துவிடுவது உசிதம்.

வீணாகும் கறியையும் கணக்கில் சேர்த்தாலன்றி மிச்சம் எவ்வளவு என்பது தெரியாது. 100 ரூபாய்க் கறியை மொத்தமாக வாங்கி 85 ரூபாய்க்குப் பெற்றோம் என்போம். அதில் ஐந்தில் ஒரு பங்கை மறந்துபோய் எறிந்தால், 80 ரூபாய்க் கறிக்கு 85 ரூபாய் கொடுத்தவர்களாகிறோம். சில்லறையில் வாங்கியவரே கெட்டிக்காரர்.

உருகவைப்பதில் அவசரம் கூடாது. தட்டையான அரைக் கிலோப் பொட்டலத்தை முந்தைய இரவு கீழ்த்தட்டுக்கு இறக்கி, சாறு வடிந்தால் பிற பொருளில் படாதவாறு ஒரு கிண்ணத்தில் வைத்தால் காலையில் ஆயத்தமாயிருக்கும். அவசரமெனில், இறுகக் கட்டிய பையோடு குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றலாம். வடநாட்டு மே மாதத்தில் சமையல் மேடைமீது காலைமுதல் மாலைவரை வைத்துவிட்டு அலுவலகம் போவது பேராபத்து. நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே மேற்பரப்பு கெட்டிருக்கும். கீழ்த்தட்டில் உருகிய கறியைச் சமைக்காமல் மீண்டும் உறையவைத்தால் சுவை குன்றுமே தவிரத் தீங்கில்லை. வெளியே வைத்து உருக்கியதை அவ்வாறு செய்யலாகாது. கோழியின் நடுப்பகுதி 74 பாகை வரை சூடேறினால்தான் வெந்ததாகக் கொள்ளவேண்டும்.

கோடைக்கால மின்தடைக்கு வருவோம். நிறைந்த உறைபகுதி, கதவு திறக்கப்படாதிருந்தால், ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழ்ப்பகுதிக்கு 4 மணி நேரமே கெடு. 'உள்ளே எப்படி இருக்கிறது?' என்று அடிக்கடி திறந்து பார்ப்பவரே கெடுதலை விரைவுபடுத்துகிறார். வெற்றிடம் இருந்தால் தண்ணீர் நிரப்பிய புட்டிகளை, உறைந்தால் விரியுமாதலால் வாய்வரை நிரப்பாமல், வைத்து உறையவிட்டால் அவை குளிரைத் தேக்கி உதவும். மின்சாரம் திரும்பியபின் கறியில் பனிப்படிகங்கள் இன்னும் தென்பட்டால் அப்படியே விடலாம். முற்றும் இளகி, இரண்டு மணி நேரத்துக்குமேல் வெதுவெதுப்பாகக் கிடந்ததாயின், விலையை எண்ணாமல் எறிந்துவிட வேண்டியதே. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பர் சிலர். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழிவதில்லை.

பள்ளி விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இந்தச் சோதனை கண் காணாமலே நேரும். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து திறக்கும்போது எல்லாம் உறைந்தே காணப்படும். இடையில் இரண்டு நாள் மின்சாரம் நின்று, கறி உருகி, மறுபடி உறைந்திருந்தாலும் பார்வைக்குத் தெரியாது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வாங்குவதை நிறுத்தி இருப்பைத் தீர்ப்பது முதல் வழி. எஞ்சியது இருந்தால், ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியின்மீது ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கறியை நம்பலாம். பனிக்கட்டியின் அடியில் புதைந்திருந்தால், எல்லாப் பொட்டலங்களையும் அன்றே அப்புறப்படுத்திவிட்டு, பெட்டியைச் சோடா உப்புக் கரைத்த நீரால் துடைத்துக்கொள்ளலாம். அன்றைய சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாடு இருக்கும்.